கட்டத்துக்குள் அடங்காத பெயர்கள்

திருவனந்தபுரத்து வெப்சைட் புரோகிராமர் ஒருவரின் அவஸ்தைகளும் பழக்கங்களும்

அப்துல் கலாமின் கடைசிப் பெயர் என்ன?

கேள்வி சுலபமாகத்தான் தெரிகிறது. முழுப் பெயர் அவுல் பக்கிர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம். முதல் மூன்றும் முன்னோர், தந்தை ஆகியோரின் பெயர்கள். அவருக்கென்று வைத்தது, இரண்டு சொற்கள் சேர்ந்த அப்துல் கலாம் என்ற ஒரே பெயர். ஒரு வெப்சைட், 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டங்களை நீட்டினால் எதை எங்கே போடுவது? முதல் கட்டத்தில் அவுல் என்று போட்டால் அது மூதாதையின் பெயர். கடைசிக் கட்டத்தில் கலாம் என்று மட்டும் போட்டால் பெயரைப் பாதியாக வெட்டியாகிவிட்டது.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் விஷயம் இன்னும் சுவாரசியம். எம் என்பது மதுரை. எஸ் என்பது தாயார் சண்முகவடிவு. கேரளத்தின் வி.எஸ். அச்சுதானந்தனுக்கு வி என்பது வேலிக்ககத்து என்ற வீட்டுப் பெயர். எஸ் என்பது தந்தை சங்கரன். தென்னாட்டில் ஊர், வீடு, தாய், தந்தை எல்லாம் இனிஷியலுக்குள் குடியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று பலருக்குக் கிடையவே கிடையாது.

கலாம் 1982 வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ராக்கெட் வேலை பார்த்த தும்பாவிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், கழக்கூட்டத்தை ஒட்டி, டெக்னோபார்க் இருக்கிறது. மேற்சொன்ன கட்டங்களை வரைவதுதான் அங்கே பல்லாயிரம் பேரின் பிழைப்பு. இது அவர்களில் ஒருவரின் கதை. பெயர் வேண்டாம். அவருக்கும் ஒரு பெயர் உண்டு, முன்னால் ஓர் இனிஷியலும் உண்டு. கடைசிப் பெயர்தான் இல்லை.

குமரி மாவட்டத்துக்காரர். 1956 நவம்பர் 1 வரை அவருடைய ஊரும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யம். தாத்தா காலத்தில் கோர்ட்டு, ஆஸ்பத்திரி, காலேஜ் எல்லாவற்றுக்கும் திருவனந்தபுரம்தான். பேரன் சாஃப்ட்வேருக்கு வந்திருக்கிறார். வீட்டில் தமிழ், கேன்டீனில் மலையாளம், மீட்டிங்கில் இங்கிலீஷ், கம்ப்யூட்டரோடு ஜாவாஸ்கிரிப்ட் என்று நாளுக்கு நான்கு மொழி. ராத்திரி இரண்டு மணிக்கு ஊரிலிருந்து எடுத்த போனை இன்னும் வைக்காத அம்மா கேட்கிறார்: "அப்படி என்ன சோலி மக்களே, உறங்காம?"

பதில் சொல்வது கஷ்டம். பாலம் கட்டுகிறவர் பாலத்தைக் காட்டலாம். டாக்டருக்குக் குணமான நோயாளி உண்டு. இவர் ஒரு நாள் முழுக்க உழைத்ததன் பலன், ஒரு பட்டனை அழுத்தினால் முன்பு வந்த சிவப்பு எழுத்து இப்போது வராது என்பது. வராத ஒன்றை அம்மாவுக்கு எப்படிக் காட்டுவது?

டெக்னோபார்க் 1990-ல் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் டெக்னாலஜி பார்க் என்ற பெருமை அதற்கு உண்டு. 1995 நவம்பரில் பிரதமர் நரசிம்ம ராவ் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கட்டடங்களுக்கு நதிகளின் பெயர்கள்: நிளா, பம்பா, பெரியாறு, காயத்ரி, பவானி, தேஜஸ்வினி. இன்று அங்கே வேலை பார்ப்பவர்கள் 70,000க்கும் மேல். தென்னை மரங்களுக்கு மேலே தலை நீட்டும் கண்ணாடிக் கட்டடங்களை பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, உள்ளே செயற்கைக்கோளுக்குக் கட்டளை போகிறது என்று தோன்றக்கூடும். உள்ளே நடப்பதில் பெரும் பகுதி சாதாரண விஷயம்: யாரோ ஒருவர் எங்கோ நிரப்பப்போகும் படிவம்.

நம்மவரின் கையில் இருப்பதும் ஒரு படிவம்தான். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் வேலைக்கு விண்ணப்பிக்கும் நர்சுகளுக்கானது. கிளையன்ட் அமெரிக்காவில். ஒரு நாள் மாலை அங்கிருந்து உத்தரவு வருகிறது: கடைசிப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பத்தை ஏற்காதே. செய்ய வேண்டியது ஒரே வரி. 'கட்டாயம்' என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. டீ ஆறுவதற்குள் அந்தப் படிவம், அதை எழுதியவரையே ஏற்காத படிவமாகிவிட்டது.

இரண்டு வாரத்தில் விளைவு தெரிகிறது. விண்ணப்பிக்கும் பெண்கள் புத்திசாலிகள். கதவைப் பூட்டினால் ஜன்னல் வழியாக வருகிறார்கள். ஒருவர் கடைசிப் பெயர் கட்டத்தில் ஒரு புள்ளி வைக்கிறார். இன்னொருவர் ஒரு கோடு போடுகிறார். வேறொருவர் தன் பெயரையே மறுபடியும் எழுதி 'செல்வி செல்வி' ஆகிறார். அப்பா பெயரைப் போட்டவர்கள் உண்டு. புருஷன் பெயரைப் போட்டவர்கள் உண்டு. ஊர்ப் பெயரைப் போட்டவரும் உண்டு. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறது. காலியாக இல்லையே! ஆனால் அங்கிருந்து புறப்படும் வேலை உத்தரவில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறொரு பெயர். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அலைய வேண்டியது அந்தப் பெண்தான்.

இது சிறு விஷயமல்ல என்பதை 2022 நவம்பர் உணர்த்தியது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு எமிரேட்ஸ் முடிவு செய்ததாக விமான நிறுவனங்கள் திடீரென அறிவித்தன. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது. அதற்குள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் எத்தனையோ வீடுகளில் அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவின் வழி வேறு. ஒற்றைப் பெயர்க்காரருக்கு அதன் விசாவில் 'எஃப்என்யூ' என்று அச்சாகிறது: முதல் பெயர் தெரியவில்லை! பிறந்த நாளிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஊரே கூப்பிடுகிறது என்பது வேறு விஷயம்.

உள்நாட்டிலும் நிம்மதி இல்லை. ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம். பான் கார்டுக்காகப் பல ஆண்டுகள் நிரப்பப்பட்டு வந்த 49ஏ படிவமோ கடைசிப் பெயரைக் கேட்டது, இனிஷியலை ஏற்கவில்லை. எனவே ஆதாரில் 'செ. முருகன்' ஆக இருப்பவர் பான் கார்டில் 'செல்லையா முருகன்' ஆனார். இரண்டையும் இணைக்க 2023 ஜூன் 30 கடைசி நாள் என்றபோது, இருவரும் ஒருவர்தான் என்று கம்ப்யூட்டரை நம்ப வைக்க வேண்டிய பொறுப்பு முருகனின் தலையில் விழுந்தது. கவுன்டரில் இருப்பவர் சொல்லும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது சார்."

கம்ப்யூட்டருக்கு எடுக்கவும் தெரியாது, மறுக்கவும் தெரியாது. மறுக்கச் சொல்லி யாரோ ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த யாரோ தினமும் காலையில் கழக்கூட்டம் போன்ற ஓர் இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அலுவலகம் போகிறவர்.

அவர் மேல் எல்லாப் பழியையும் போடுவதும் நியாயமில்லை. அவர் வேலை செய்யும் அஸ்திவாரமே சற்று விசித்திரமானது. 1995-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் ஒரு புரோகிராம் மொழியை உருவாக்கினார். ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு தரத் தொடங்கியது. நவம்பரில் டெக்னோபார்க் அர்ப்பணிப்பு விழா. மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் நடந்தவை. இன்று டெக்னோபார்க்கில் உள்ளவர்களில் எத்தனையோ பேர், இன்டர்நெட் வழியாக, அந்தப் பத்து நாள் மொழியில்தான் சோறு சாப்பிடுகிறார்கள். பெயர்க் குழப்பம் அதற்கும் உண்டு. முதலில் மோக்கா, பிறகு லைவ்ஸ்கிரிப்ட், ஆண்டு முடிவதற்குள் ஜாவாஸ்கிரிப்ட்.

அவசரத்தில் பிறந்த குழந்தையின் அடையாளங்கள் அதில் இன்னும் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்டில் ஜனவரி பூஜ்யம், டிசம்பர் 11. தேதிகள் மட்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஒன்று என்ற எண்ணோடு, ஒன்று என்ற எழுத்தைக் கூட்டினால் 11 வரும். இவற்றைத் திருத்திவிட்டால் என்ன என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேட்பது வழக்கம். முடியாது. ஜனவரியைப் பூஜ்யமாகவே நம்பி உலகெங்கும் கோடிக்கணக்கான பக்கங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வாசற்படி சற்றுக் கோணலாக இருக்கிறது என்று, அதன் மேல் நிற்கும் பத்து மாடிகளையும் யாரும் இடிப்பதில்லை. தடுக்காமல் தாண்டப் பழகிக்கொள்கிறார்கள்.

ஆனால் சில கோணல்கள் ஆளையே கவிழ்க்கும். நர்சு படிவத்தில் பிறந்த தேதி அப்படிப்பட்டது. ஜூன் 1 அன்று பிறந்த பெண் திரையில் ஜூன் 1 என்றுதான் தேர்ந்தெடுக்கிறார். அமெரிக்காவில் அச்சாகும் கடிதத்தில் மே 31 என்று வருகிறது. காரணம் இதுதான்: கம்ப்யூட்டர் 'ஜூன் 1' என்பதை ஒரு நாளாக எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு கணமாக எடுத்துக்கொண்டது. இந்தியாவில் ஜூன் 1 நள்ளிரவு 12 மணி. அந்தக் கணத்தில் உலகப் பொது நேரம் ஐந்தரை மணி நேரம் பின்னால், அதாவது மே 31 மாலை 6.30. கணத்தைப் பொது நேரத்தில் சேமித்துவிட்டு, பிறகு மணியை வெட்டி எறிந்து தேதியை மட்டும் எடுத்தால் ஒரு நாள் காணாமல் போகும்.

கலிபோர்னியாவில் உட்கார்ந்து இதைச் சோதித்துப் பார்த்தவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய நள்ளிரவு, பொது நேரத்தில் அதே நாளின் காலைதான். கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருப்பவர்களின் பிறந்தநாள் மட்டும்தான் நழுவும். "என் மெஷினில் சரியாக ஓடுகிறதே" என்பது இந்தத் தொழிலில் அதிகம் கேட்கும் வாக்கியம். அதைச் சொல்கிறவர் பொய் சொல்வதில்லை. அவருடைய மெஷின் வேறு தேசத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். கேரளத்தில் அப்படிச் சொல்ல முடியாது. ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு ஜூன் 1 கணக்கு என்பதால், அந்தக் காலத்தில் பள்ளியில் போட்ட பிறந்த தேதிகள் பல மே மாதத்தில் வந்து விழுந்தன. அதனால்தான் ஆண்டுதோறும் மே 31 அன்று அரசு ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் ஓய்வு பெறுகிறார்கள். மாதத்தின் விளிம்பில் நிற்கும் தேதி ஒரு நாள் பின்னால் சாய்ந்தால் மாதமே மாறிவிடும். பாஸ்போர்ட்டோடு ஒரு நாள் வித்தியாசம் என்பது இமிகிரேஷன் கவுன்டரில் வேறு ஆள் என்பதற்குச் சமம்.

நம்மவர் இதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. திருத்த ஒரு மணி நேரம். பிறந்த தேதிக்கு மணியே வேண்டாம், வெறும் ஆண்டு, மாதம், நாள் என்று எழுதி வைத்தால் போதும். தினசரி காலை மீட்டிங்கில், நின்றுகொண்டே ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். மூன்று நாளும் "தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றே சொன்னவரை யாரும் பாராட்டவில்லை.

அடுத்தது எழுத்து. இது தமிழ் வாசகர்களுக்கு உடனே புரியும். கௌரி. கெளரி. இரண்டையும் உற்றுப் பாருங்கள். முதலாவதில் 'கௌ' ஓர் உயிர்மெய். இரண்டாவதில் 'கெ' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வெறும் 'ள'. பெரும்பாலான திரைகளில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு வெவ்வேறு பெண்கள். ஒரு கௌரியைத் தேடினால் மற்றவர் அகப்பட மாட்டார். ஔவையாருக்கும் இதே கதிதான்.

மலையாளத்தில் சிக்கல் இன்னும் ஆழம். ராஜன், அனில் போன்ற பெயர்களின் கடைசியில் வரும் மெய்யெழுத்துக்கு மலையாளத்தில் தனி வடிவம் உண்டு, சில்லு என்பார்கள். கம்ப்யூட்டருக்கான உலகப் பொது எழுத்து ஏற்பாடான யூனிகோடில், முதலில் மூன்று குறிகளைச் சேர்த்துத்தான் ஒரு சில்லை எழுத வேண்டியிருந்தது. கேரளத்தில் நீண்ட விவாதம் நடந்தது. 2008-ல் யூனிகோடின் 5.1 பதிப்பு சில்லுகளுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கியது. பழைய முறையில் எழுதியவை அழிந்துவிடவில்லை. எனவே 2008க்கு முன்பு பதிவான ராஜனும் இன்று பதிவாகும் ராஜனும் பார்வைக்கு ஒருவர், உள்ளே இருவர். திருவனந்தபுரத்தில் மலையாளப் பெயர்ப் பட்டியல் ஒன்றில் தேடும் வசதியை எழுதுகிறவர், இரண்டு ராஜன்களையும் ஒன்றாகப் பாவிக்கும்படி புரோகிராமுக்குச் சொல்லித்தர வேண்டும். மறந்தால், பட்டியலில் பெயர் இருக்கிற ஒருவரிடம் "உங்கள் பெயர் இல்லை" என்று திரை சொல்லும்.

எழுத்து இயந்திரத்துக்கு வளைய வேண்டுமா, இயந்திரம் எழுத்துக்கு வளைய வேண்டுமா என்பது இந்தப் பகுதியில் பழைய வழக்கு. 1971-ல் கேரள அரசு டைப்ரைட்டருக்கும் அச்சுக்கும் வசதியாக மலையாளக் கூட்டெழுத்துகளைப் பிரித்துச் சீர்திருத்தியது. 1978-ல் தமிழ்நாட்டு அரசின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ணை, லை, னை ஆகியவற்றின் தும்பிக்கை வடிவம் போனது. 1999-ல் கேரளத்தில் உருவான 'ரசனா' இயக்கம் கேள்வியைத் திருப்பிப் போட்டது. டைப்ரைட்டரால் முடியாததைக் கம்ப்யூட்டரால் செய்ய முடியுமே, பிறகு ஏன் எழுத்தை வெட்ட வேண்டும் என்று கேட்டு, பழைய கூட்டெழுத்துகள் முழுவதும் அடங்கிய எழுத்துருவை உருவாக்கிக் காட்டியது.

நம்மவர் மேஜையில் அன்றாடம் நடப்பது அந்த வழக்கின் சிறிய விசாரணைகள்தான். பெரிய கமிட்டி கிடையாது, அரசாணை கிடையாது. ஊரின் பெயருக்கு எத்தனை எழுத்து இடம் விடலாம் என்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருவர் தீர்மானிக்கிறார். 15 போதும் என்று அவர் நினைத்தால் திருவனந்தபுரம் அவுட். இங்கிலீஷில் அதற்கு 18 எழுத்து. 1991-ல் டிரிவாண்ட்ரம் என்ற பெயர் அதிகாரபூர்வமாகப் போனதிலிருந்து, குறுகிய கட்டங்களில் அந்த நகரம் 'திருவனந்தபு' என்று மூச்சுத் திணறி நிற்க வேண்டிவரும். 2024-ல் கொச்சுவேளி ரயில் நிலையம் 'திருவனந்தபுரம் வடக்கு' ஆகிவிட்டது. அந்தப் பெயருக்கும் இடம் தேட வேண்டும்.

இவ்வளவு சங்கடங்களுக்கு நடுவே மனிதர் பைத்தியம் பிடிக்காமல் இருப்பது பழக்கங்களால். டிரைவர் வண்டி எடுக்குமுன் டயரைத் தட்டிப் பார்ப்பது போன்ற பழக்கங்கள்.

முதலாவது, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய 'கிட்' என்ற ஏற்பாடு ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, ஏன் செய்தார் என்று பதிந்து வைக்கிறது. அதில் 'ஏன்' என்ற இடத்தில் பலர் 'திருத்தம்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நம்மவர் அங்கே இரண்டு வரி எழுதுவார். ஆறு மாதம் கழித்து அந்தப் புரோகிராமைத் திறப்பவருக்கு, எதிரே உட்கார்ந்து விளக்க முடியாத ஒருவரின் குரல் அதுதான். எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் கட்டளைக்கு அந்த ஏற்பாட்டில் பெயரே 'பிளேம்'. பழி! பெரும்பாலும் அது காட்டும் பெயர் கம்பெனியை விட்டுப் போய்ப் பல காலம் ஆன ஒருவருடையது.

இரண்டாவது, வெள்ளிக்கிழமை விரதம். ஊரில் வெள்ளிக்கிழமை விசேஷ நாள். ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை மட்டும். சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு வெள்ளி முழுக்க ராகு காலம். அன்று மாலை புது மாற்றத்தை வெளியிட்டுவிட்டு ரயில் ஏறினால், நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் போன் அடிக்கும். செவ்வாய் காலை உத்தமம். செவ்வாய் வெறுவாய் என்பது இந்தத் தொழிலில் எடுபடவில்லை.

மூன்றாவது, வாய்விட்டுச் சொல்வது. பிழை எங்கே என்று தெரியாதபோது மேஜையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதற்கு வரி வரியாக விளக்க வேண்டும் என்று ஆண்ட்ரூ ஹன்ட்டும் டேவிட் தாமஸும் 1999-ல் எழுதிய 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' என்ற புத்தகம் சொல்கிறது. விளக்கும்போதே பிழை அகப்பட்டுவிடும். நம்மவரிடம் வாத்து இல்லை. பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டு விளக்க ஆரம்பிப்பார். பாதியில் "சரி, கிடைத்துவிட்டது" என்று திரும்பிக்கொள்வார். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்.

நான்காவது, அடுத்தவர் பண்டத்தைச் சோதிக்காமல் வாங்குவதில்லை. இன்று எந்த வெப்சைட்டும் ஒருவர் எழுதியதல்ல. முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் இலவசமாக இன்டர்நெட்டில் வைத்த துண்டுகளைக் கோத்தது. 2016 மார்ச் 22 அன்று, ஒரு பெயர்த் தகராறில் மனம் வெறுத்த புரோகிராமர் ஒருவர் தன் துண்டுகளை எல்லாம் வாபஸ் வாங்கினார். அவற்றில் ஒன்று, சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளி சேர்க்கும் வெறும் 11 வரி. அதை நம்பியிருந்த ஏராளமான புரோகிராம்கள் உலகெங்கும் உருவாக மறுத்தன. சுமார் இரண்டு மணி நேரத்தில் துண்டைத் திரும்ப வைத்துவிட்டார்கள். ஆனால் பல மாடிக் கட்டடத்தை ஒரு செங்கல் தாங்கிக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

ஐந்தாவது பழக்கம் முக்கியமானது. சோதனைக்காகப் போடும் பெயர்கள். பலரும் 'டெஸ்ட்', 'ஜான் ஸ்மித்' என்று போட்டுப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஜான் ஸ்மித்துக்கு எந்தப் படிவத்திலும் கஷ்டம் வராது. நம்மவர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். ஒற்றைப் பெயர். இரண்டு எழுத்துப் பெயர். நான்கு இனிஷியல் உள்ள பெயர். இரண்டு விதமான கௌரி. இரண்டு விதமான ராஜன். ஜூன் 1 பிறந்த தேதி. புதிதாக எதை எழுதினாலும் இந்தப் பட்டியல் முழுவதும் உள்ளே போய்ச் சேதமில்லாமல் வெளியே வர வேண்டும். புதுச் சிக்கல் வரும்போதெல்லாம் ஒரு பெயர் கூடும்.

2022 இறுதியிலிருந்து இன்னொரு உதவியாள் வந்திருக்கிறார். செயற்கை அறிவு. கேட்டால் அரை நிமிஷத்தில் படிவத்தை எழுதிக் கொடுத்துவிடும். எழுதும் நேரம் மிச்சம், படிக்கும் வேலை கூடுதல். உலகம் இதுவரை எழுதிக் குவித்ததைப் படித்து வளர்ந்தது அது. எனவே உலகத்தின் பழக்கமும் அதற்குத் தொற்றியிருக்கிறது. சும்மா ஒரு படிவம் கேட்டுப் பாருங்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களோடு வந்து நிற்பதற்கே வாய்ப்பு அதிகம். எங்கள் ஊரில் அப்படி இல்லை என்று சொல்ல ஒரு மனிதர் தேவைப்படுகிறார்.

அதை நம்மவர் கிளையன்ட்டிடமும் சொல்லிப் பார்த்தார். முதலில் மின்னஞ்சலில் எழுதினார், பதில் இல்லை. பிறகு ஒரு மீட்டிங்கில், புள்ளிகளும் கோடுகளும் 'செல்வி செல்வி'களும் நிறைந்த பட்டியலைத் திரையில் காட்டினார். எதிர்முனையில் சற்று மௌனம். "இவர்களுக்கெல்லாம் நிஜமாகவே கடைசிப் பெயர் இல்லையா?" என்று ஒருவர் கேட்டார். "எனக்கும் இல்லை" என்றார் இவர்.

சம்மதம் கிடைத்தது. மாற்றுவதற்கு எத்தனை நாள் என்று கேட்டார்கள். சின்ன வேலைதானே என்ற தொனியும் அந்தக் கேள்வியில் இருந்தது. கட்டாயமாக்க ஐந்து நிமிஷம் போதுமானதாக இருந்தது. அதை நீக்க நான்கு நாள். ஏனெனில் அதற்குள் கடைசிப் பெயரின் அகர வரிசையில் அடுக்கும் பட்டியல் வந்துவிட்டது. கடைசிப் பெயரைச் சொல்லி 'அன்புள்ள' என்று தொடங்கும் கடிதம் வந்துவிட்டது. அந்தக் கட்டம் காலியாக இராது என்று நம்பி இன்னொரு கம்பெனியின் சாஃப்ட்வேர் விவரங்களை வாங்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. இப்போது ஒரே கட்டம்: 'பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி'. அதன் கீழே இன்னொன்று: 'உங்களை எப்படி அழைக்கலாம்?' அது கட்டாயமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது வெளியானது. போன் எதுவும் வரவில்லை. இந்தத் தொழிலில் அதுதான் பாராட்டு. மறுநாள் விவரப் பட்டியலைத் திறந்து பார்த்தார். ராத்திரியில் பதினேழு விண்ணப்பங்கள் வந்திருந்தன. புள்ளிகள் இல்லை, கோடுகள் இல்லை. நான்கு பேருக்கு ஒற்றைப் பெயர். 'பெயர்' கட்டத்துக்குப் பக்கத்தில், அடுத்து வரப்போகிறவருக்காக அவர் இரண்டு வரிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: இதை இரண்டாகப் பிரிக்க வேண்டாம், காரணம் தெரிய வேண்டுமானால் சோதனைப் பட்டியலைப் பார்க்கவும்.